ஸ்டேக்குக்கு எந்தச் சிவப்பு ஒயின்? கேபர்னே, மால்பெக், ஷிராஸ், கியாந்தி – ஓர் ஒப்பீடு

ஸ்டேக்கை நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்கூட ஒயின் கடை அலமாரிக்கு முன்னால் நின்றதும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். மாட்டிறைச்சி என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் கேபர்னே சாவினியோன், அதில் நம் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அது. இது மோசமான வழி இல்லை. ஆனால் தட்டில் இருப்பது கொழுப்புப் பின்னிய ரிப் ஐயா, கொழுப்பு குறைந்த டெண்டர்லாயினா, மேலே நொறுக்கிய மிளகு இருக்கிறதா, பக்கத்தில் வினிகர் விட்ட சாஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், நல்ல இறைச்சியும் நல்ல பாட்டிலும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். திராட்சையின் பெயரைத் தேடும் முன் இறைச்சியில் கொழுப்பு எவ்வளவு, அதன் மேல் என்ன போடப்போகிறோம் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

காரணம் எளிமையானது. சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. ஓக் பீப்பாயில் வைத்திருந்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும். கொட்டைப்பாக்கைக் கடித்ததும் வாய் இறுகுகிறதே, அதற்கும் இந்த வகைச் சேர்மங்கள்தான் காரணம். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் எச்சிலின் வழவழப்பு போய், வாய் வறண்டதுபோல் ஆகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியை மென்றுகொண்டே குடித்தால், டானினுக்கு ஒட்டிக்கொள்ள வேறு இடம் கிடைத்துவிடுகிறது. தனியாகக் குடித்தபோது கரடுமுரடாக இருந்த ஒயின் அப்போது மென்மையாகத் தெரிகிறது. இதில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உப்பு கசப்பை அடக்கும். உப்புக் குறைவாகப் போட்ட ஸ்டேக்கோடு இளம் கேபர்னேயைக் குடித்துவிட்டு ஒயினைக் குறை சொல்பவர்கள் முதலில் இறைச்சியில் இன்னும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பார்க்கட்டும்.

டானினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். புளிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் 300 கிராம் ரிப் ஐயைச் சாப்பிட்டு முடிக்கும் வரை வாய் சலிக்காமல் பார்த்துக்கொள்வது ஒயினின் அமிலம்தான். எச்சிலை ஊறவைத்து, நாக்கில் படிந்த கொழுப்பை அது கழுவிவிடும். புளிப்பு இல்லாத, பழுத்த, கனமான ஒயின் முதல் இரண்டு மிடறுக்கு அட்டகாசமாக இருக்கும், பாதித் தட்டில் திகட்டிவிடும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

கேபர்னே சாவினியோனின் பழம் சிறியது, தோல் தடித்தது, சதையோடு ஒப்பிட்டால் விதை அதிகம். டானின் நிறைய இருப்பது இதனால்தான். கேபர்னே ஃபிராங்க், சாவினியோன் பிளாங்க் என்ற இரண்டு திராட்சைகளின் இயற்கைக் கலப்பில் பிறந்தது இது என்பதை 1990-களில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். வெள்ளைத் திராட்சையான சாவினியோன் பிளாங்க் இதற்குப் பெற்றோர் என்பது அன்று பலருக்கு ஆச்சரியம். இதன் சொந்த ஊர் பிரான்சின் போர்தோ. அங்கே ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் பகுதியின் சரளைக்கல் மண்ணில் இது முதன்மையாக வளர்கிறது. பெரும்பாலும் மெர்லோ என்ற இன்னொரு திராட்சையைக் கலந்து துவர்ப்பைக் கொஞ்சம் தணித்துத்தான் பாட்டிலில் அடைப்பார்கள். அந்த ஊரிலேயே இதற்கென்று ஒரு ஸ்டேக் இருக்கிறது. கொழுப்புப் பின்னிய என்ட்ரகோட் என்ற விலாப்பகுதித் துண்டை, கவாத்து செய்து உலர்த்திய திராட்சைக் கொடிச் சுள்ளிகளை எரித்த தணலில் சுட்டு, மேலே பொடியாக அரிந்த ஷாலட் வெங்காயத்தைத் தூவுவார்கள். சிவப்பு ஒயின், எலும்பு மஜ்ஜை சேர்த்த சாஸோடு பரிமாறுவதும் உண்டு. ரிப் ஐ சமைக்கப்போகிறவர் பின்பற்ற இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

போர்தோ என்றதும் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1855-இல் மெதோக்கின் சிறந்த தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்றுவரை பெரிய மாற்றம் என்றால் 1973-இல் முத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு உயர்ந்தது மட்டும்தான். அந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள் எட்டாத விலையில் இருக்கின்றன. ஆனால் ‘ஓ-மெதோக்’ என்று லேபிளில் போட்ட ‘க்ரூ பூர்ஜ்வா’ ஒயின்கள் அதே நிலப்பகுதியில் அதே திராட்சைகளில் செய்யப்படுபவை, விலை பல மடங்கு குறைவு. ஸ்டேக்குக்கு நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். அறுவடை ஆண்டிலிருந்து ஆறேழு வருடமாவது ஆகியிருந்தால் இன்னும் நல்லது.

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் செய்யும் கேபர்னே வேறு குணம். வெயில் அதிகம், பழம் நன்றாகப் பழுக்கும், ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். கருந்திராட்சை ஜாம், வெனிலா, சாக்லேட் மணங்கள் முன்னால் நிற்கும். 1976-இல் பாரிஸில் லேபிளை மறைத்து நடத்திய சுவைப்புப் போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே நாபாவின் ‘ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ்’ 1973-ஐ போர்தோவின் பெரும் பெயர்களுக்கு மேலே வைத்தார்கள். அதற்குப் பிறகு நாபாவின் மதிப்பும் விலையும் ஏறிக்கொண்டேதான் போகின்றன. அமெரிக்க ஸ்டேக்ஹவுஸ்களில் இதுதான் வழக்கமான துணை. வெண்ணெயில் குளித்த, மேல்புறம் கருகிய பெரிய ரிப் ஐக்கு இது பொருந்துகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பணத்தில் ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் நான் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாராவுக்குப் போவேன். சுண்ணாம்புப் பாறைக்கு மேல் செம்மண் படர்ந்த அந்தச் சிறிய பகுதி குளிர்ச்சியானது. அதனால் பழத்தில் புளிப்பு தங்குகிறது, லேசான புதினா மணமும் சேர்ந்து வருகிறது. சிங்கப்பூரிலோ மெல்பர்னிலோ இருப்பவர்களுக்கு இது தேடித் திரிய வேண்டிய பொருளும் இல்லை.

கேபர்னேயின் குறை, அவசரத்துக்கு உதவாது என்பது. இரண்டு மூன்று வயதுப் பாட்டிலை மாலையில் வாங்கி, அப்போதே திறந்து ஊற்றினால் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே டிகாண்டர் என்ற ஒயின் குடுவையிலோ அகன்ற வாய் ஜாடியிலோ ஊற்றி வைக்க வேண்டும். கொழுப்பில்லாத துண்டுக்கும் இது ஆகாது.

இங்கேதான் மால்பெக் முன்னுக்கு வருகிறது. இதன் பூர்வீகம் தென்மேற்கு பிரான்ஸ். காஹோர் பகுதியில் இன்றும் இதில் கறுத்த, இறுக்கமான ஒயின் செய்கிறார்கள். 1853-இல் மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவுக்கு எடுத்துச்சென்ற கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. அந்த ஆண்டின் நினைவாகத்தான் ஏப்ரல் 17-ஐ உலக மால்பெக் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்நாட்டின் மென்டோசா பகுதியில் ஆண்டிஸ் மலை மழையைத் தடுத்துவிடுகிறது. கொடிகள் வாழ்வது மலையிலிருந்து உருகி வரும் பனி நீர்ப் பாசனத்தில். அங்குள்ள ஊக்கோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,500 மீட்டர் வரையும் ஏறுகின்றன. பகல் வெயில் பழத்தைப் பழுக்க வைக்கிறது, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அதனால் நிறமும் கனமும் கேபர்னே அளவுக்கு இருந்தும் டானின் மிருதுவாக இருக்கிறது. வாங்கிய அன்றே திறக்கலாம், காத்திருக்கத் தேவையில்லை.

அர்ஜென்டினாவின் அசாடோ என்ற தணல் விருந்தில் இறைச்சி சுடும் முறையைப் பாருங்கள். கரடுமுரடான கல்லுப்பு மட்டும், வேறு மசாலா கிடையாது. விறகு எரிந்து தணலான பிறகு, மெதுவான சூட்டில் நிதானமாகச் சுடுவார்கள். நாம் ரிப் ஐ என்பதை அவர்கள் ‘ஓஹோ தெ பீஃபே’ என்பார்கள். பக்கத்தில் பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், வினிகர் சேர்த்த சிமிச்சுரி இருக்கும். அந்த வினிகரைக் கவனிக்க வேண்டும். சாஸின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமானால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மலையடிவாரத்தின், புளிப்புக் குறைந்த மலிவான மால்பெக் சிமிச்சுரியிடம் தோற்பது இதனால்தான். லேபிளில் ‘ஊக்கோ பள்ளத்தாக்கு’ என்றோ, அதற்குள் இருக்கும் ‘குவால்தயாரி’ என்றோ ஊர்ப் பெயர் இருக்கும் பாட்டிலுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். கொடுத்த காசு வீண் போகாது.

இத்தாலியின் டஸ்கனி இதே கேள்விக்கு வேறு விடை வைத்திருக்கிறது. ஃபுளோரன்ஸ் நகரின் பிஸ்தெக்கா அல்லா ஃபியோரென்தீனா, மூன்று நான்கு விரல் தடிமனுள்ள, ‘T’ வடிவ எலும்போடு வெட்டிய டி-போன் துண்டு. கியானா பள்ளத்தாக்கின் வெள்ளை நிறக் கியானினா மாட்டிலிருந்து எடுப்பது மரபு. வெளிப்புறம் கருகி, உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். உப்பும் ஆலிவ் எண்ணெயும், சில வீடுகளில் எலுமிச்சையும். கியானினா இறைச்சியில் ஊடுகொழுப்பு அவ்வளவாக இருக்காது. அதற்கு நாபா கேபர்னேயைக் கொடுத்தால் இறைச்சியின் சுவையே தெரியாமல் போகும். அங்கே அவர்கள் ஊற்றுவது சாஞ்சியோவேசே திராட்சையில் செய்யும் கியாந்தி கிளாசிக்கோ. குறைந்தது 80 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால்தான் பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை கிடைக்கும். புளிச்செர்ரிப் பழத்தின் மணமும், காய்ந்த இலை மணமும், எச்சிலை ஊறவைக்கும் புளிப்பும், மணல்போன்ற மெல்லிய துவர்ப்பும் இதன் அடையாளம்.

இந்த ஒப்பீட்டில் உரிய மதிப்பு கிடைக்காத ஒயின் இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் ஸ்டேக்கோடு தக்காளி சாலடோ, எலுமிச்சை பிழிந்த கீரையோ, வதக்கிய காளானோ வைப்பவர்கள்தான் அதிகம். அந்தத் தட்டு முழுவதற்கும் ஈடுகொடுப்பது கியாந்தி கிளாசிக்கோ. கேபர்னே இறைச்சியை மட்டும் பார்த்துக்கொள்ளும், தக்காளியிடம் தடுமாறும். விசேஷ நாள் என்றால் பக்கத்து ஊரான மொந்தால்சினோவின் புருனெல்லோவைப் பார்க்கலாம். அது முழுக்கச் சாஞ்சியோவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும் என்பதால், காத்திருக்கும் வேலையைப் பாதி அவர்களே செய்துவிடுகிறார்கள்.

அப்புறம் மிளகு. நம் ஆட்கள் ஸ்டேக் செய்தால் மிளகு கைதவறியாவது கொஞ்சம் அதிகமாக விழும். பிரெஞ்சுக்காரர்களின் ஸ்டேக் ஓ புவாவ்ரில் நொறுக்கிய மிளகை இறைச்சியின் மேல் அழுத்தி ஒட்டியே வறுப்பார்கள். இதற்கு ஷிராஸைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இது வெறும் ருசி அபிப்பிராயம் இல்லை, வேதியியல் சாட்சி இருக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம் என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். சாதாரணக் கருமிளகின் மணத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். அதாவது மிளகு ஸ்டேக்கிலும் கோப்பையிலும் இருப்பது ஒரே மணம். அவர்களுடைய சோதனையில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இந்த மணத்தை நுகரவே முடியாதவர்களாக இருந்தார்கள். ஆகவே ஒரே பாட்டிலைக் குடித்துவிட்டு ஒருவர் ‘மிளகு தூக்கலாக இருக்கிறது’ என்றும் இன்னொருவர் ‘எங்கே மிளகு?’ என்றும் கேட்டால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லா ஷிராஸிலும் இந்த வாசம் வராது. ரோட்டன்டோன் குளிர்ச்சியான இடங்களில்தான் தோலில் நன்றாகச் சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ், பிரான்சில் வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் க்ரோஸ்-எர்மிதாஜ், சேன்-ஜோசஃப் ஆகியவை நம்பி வாங்கக்கூடிய பெயர்கள். பிரான்சில் இதே திராட்சைக்கு சிரா என்று பெயர். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதி ஷிராஸ் வேறு ரகம். ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவை அண்டாததால் அங்கே 1840-களில் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன. அந்தப் பழைய கொடிகளின் ஒயின் அடர்த்தியானது, பழ இனிப்பு தூக்கலானது, ஆல்கஹால் 15 சதவீதம் வரை போகும். பார்பிக்யூ சாஸ் தடவி, புகையேற்றிச் சுட்ட இறைச்சிக்கு அதுதான் சரி. வெறும் உப்பு போட்ட ஸ்டேக்குக்கு எனக்கு அது அதிகம்.

டெண்டர்லாயின் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. முதுகெலும்புக்கு அடியில் அதிகம் உழைக்காத தசை அது. பஞ்சுபோல் இருக்கும், கொழுப்பு மிகக் குறைவு. டானின் குறைந்த பினோ நுவார் வாங்குங்கள். காளானோ வெண்ணெயோ சேர்த்தால் இன்னும் பொருந்தும்.

ஸ்பெயினின் ரியோஹாவை ஒரு காரணத்துக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ரெசர்வா’ என்று போட்ட சிவப்பு ஒயின் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதில் ஓர் ஆண்டாவது ஓக் பீப்பாயில், முதிர்ந்த பிறகே கடைக்கு வரும். முதிர்ந்த ஒயினை இவ்வளவு நியாயமான விலையில் தரும் பகுதிகள் மிகக் குறைவு. ஆளுக்கொரு துண்டைக் கேட்கும் மேசையில், ஒருவருக்கு டெண்டர்லாயின், ஒருவருக்கு ரிப் ஐ, இன்னொருவருக்கு ஆட்டு விலா என்று இருந்தால், யாரையும் கைவிடாத ஒரே பாட்டில் இது.

எவ்வளவு வேக வைக்கிறோம் என்பதும் ஒயினை மாற்றும். உள்வெப்பம் 54 முதல் 57 டிகிரி வரை இருக்கும் மீடியம் ரேரில் சாறு இருக்கும், டானினுக்கு வேலை இருக்கும். 70 டிகிரியைத் தாண்டி வெல் டன் ஆக்கினால் சாறு வெளியேறி நார்தான் மிஞ்சும், கேபர்னே அதன் மேல் இன்னும் வறட்சியைச் சேர்க்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக வெந்தால்தான் பிடிக்கும் என்றால் அவர்களை மாற்ற முயல வேண்டாம், ஒயினை மாற்றுங்கள். மால்பெக்கோ பரோசா ஷிராஸோ அந்த இறைச்சிக்கு இழந்த ஈரத்தைக் கொஞ்சம் திருப்பித் தரும்.

மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி ஊறவைத்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். ஆல்கஹாலும் டானினும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். 15 சதவீத ஒயினோடு காரமான ஸ்டேக் சாப்பிட்டால் நாக்கு நெருப்பாகும். அப்போது டானின் குறைந்த, பழச்சுவையுள்ள பிரெஞ்சு ஒயினான போஜலேயை வாங்கி, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து ஊற்றுங்கள்.

குளிர் என்றதும் ஒன்று. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பியக் கல் வீடுகளுக்குப் பொருந்தும். அங்கே அது 16 முதல் 18 டிகிரி. சென்னையிலோ கோலாலம்பூரிலோ அறை வெப்பம் 30 டிகிரி. அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் ஆல்கஹால் வாடை தூக்கி, தளர்ந்து போய்த்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலே கேபர்னேயும் ஷிராஸும் ஆளே மாறிவிடும். இன்னும் விலையுள்ள பாட்டிலை வாங்குவதைவிட இந்த அரை மணி நேரம் அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இறக்குமதி ஒயின்களின் விலை வரியாலேயே கைமீறிப் போகிறது. நாசிக்கின் சூலா தயாரிக்கும் திண்டோரி ரிசர்வ் ஷிராஸும், பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியில் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் சிவப்பும் ஸ்டேக்குக்குத் தாராளமாகத் தாங்கும். லா ரிசர்வில் கேபர்னேயும் ஷிராஸும் கலந்திருக்கின்றன. ரிப் ஐ கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மிளகு தூக்கல் என்றால் திண்டோரி.

வெளிநாட்டுக் கடையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டால் என் வரிசை இது. உப்பு மட்டும் போட்ட ரிப் ஐ, முன்னதாகத் திறந்து வைக்க நேரம் இருக்கிறது என்றால் ஓ-மெதோக் அல்லது கூனவாரா கேபர்னே. நேரம் இல்லை, விருந்தினர் வாசலில் என்றால் ஊக்கோ மால்பெக். தக்காளியும் எலுமிச்சையும் மேசையில் இருந்தால் கியாந்தி கிளாசிக்கோ. மிளகுக்குக் குளிர்ப்பகுதி ஷிராஸ். இடுப்புப் பகுதித் துண்டான சர்லாயின் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. ஓரத்தில் கொழுப்புப் பட்டை தடிமனாக விட்டிருந்தால் ரிப் ஐ போலவே நடத்துங்கள், கசாப்புக் கடையில் சீவி எடுத்துவிட்டார்கள் என்றால் கியாந்திக்கு வந்துவிடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் போதும். இரண்டையும் வேறு வேறு திராட்சையில் வாங்கி ஒரே துண்டோடு மாற்றி மாற்றி ருசித்துப் பார்த்தால், அடுத்த முறை கடையில் யாரையும் கேட்கத் தேவைப்படாது.